முதஸ்ஸிர் பெயரில் ஒரு துஆ

786
காலடிப்பேட்டை
17.11.2024

ஹஃப்சாவுக்கு,

ஸலாம் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல, வேண்டுமென்றேதான். ஸலாம் சொன்னால் உன் வீட்டுக்கு அமைதி வேண்டும் என்று அல்லாஹ்விடம் கேட்டதாக ஆகிவிடும். நான் இப்போது அவனிடம் கேட்டுக்கொண்டிருப்பது அதற்கு நேர் எதிர். இரண்டையும் ஒரே வாயால் கேட்பது நியாயமில்லை.

இத்தா முடிந்துவிட்டது. புருசன் அமானை இழந்தவளாக நாலு மாதத்துக்கு மேல் இந்த ஒற்றை அறையை விட்டு வெளியே வராமல் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலைத் திறந்தால் எண்ணூர் அனல் மின்நிலையச் சாம்பல், மூடினால் புழுக்கம். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். படி இறங்கியதும் பேசியது என் காதில் விழுந்தது. "இவ போன் போட்டதாலதான் அந்த மன்சன் பூட்டான்."

இதை ஊருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? என் கூடப் பிறந்த தங்கச்சியின் புருசன். இரும்புத் தகட்டைச் சுருட்டிய காயில் உருண்டது, அமான் அடியில் மாட்டிக்கொண்டார். சாத்தாங்காட்டு இரும்பு யார்டுகளில் அப்படி நடப்பதுண்டு. அதற்காக நான் யாரையும் சபிக்கவில்லை. ஆனால் யார்டு சூப்பர்வைசரான உன் புருசன் முதஸ்ஸிர், கேட்டில் எல்லோர் முன்னாலும் போலீசிடம் சொன்னாரே, "காயில் உருளாம முட்டு வெச்ச கட்டையாண்ட அமான் நின்னுகினு இருந்தாரு. அவரு சம்சாரம் போன் பண்ணுச்சு. எடுக்கசொல்ல கால் பட்டு கட்டை நகந்துச்சு" என்று. அதற்குத்தான்.

நான் போன் போட்டது உண்மை. தயிர் வாங்கிவரச் சொல்லத்தான் போட்டேன். மணி முழுவதும் அடித்து ஓய்ந்தது, அவர் எடுக்கவில்லை. அந்த மணியால்தான் அது நடந்ததா, இல்லையா? எனக்குத் தெரியாது. தெரிந்த ஒரே ஆள் ஓசூரில் உன் பக்கத்தில் படுத்துக் குறட்டை விடுகிறார். சம்பவம் நடந்த அடுத்த மாதமே முதலாளி அவரை அங்கே குடோன் மேனேஜர் ஆக்கினாரே, எதற்குக் கிடைத்த வேலை என்று நீ ஒருநாளாவது கேட்டாயா?

அன்றிலிருந்து நான் யாருக்கும் போன் போட்டதில்லை. பட்டனை அழுத்தப்போய், போனைக் கவிழ்த்து வைத்துவிடுகிறேன். அதனால்தான் கடிதம்.

ஒரு செய்தி சொல்லத்தான் எழுதுகிறேன். நான் தொழ ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே. பெருநாளுக்கு மட்டும் முஸல்லாவை உதறி விரிக்கிற ஃபிர்தௌஸ் இப்போது ஐந்து வேளையும் விடுவதில்லை. அநியாயத்துக்கு ஆளானவர் கையேந்தினால் அந்த துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் திரையே கிடையாது என்று ஒரு பயானில் கேட்டேன். அது போதும் எனக்கு. ஒவ்வொரு வேளையும் முதஸ்ஸிர் என்று பெயர் சொல்லிப் பதுவா கேட்கிறேன். அவருக்குச் சோறு இறங்கக் கூடாது. கண் மூடக் கூடாது. கேட்டதெல்லாம் கெட்டதுதான். முதுகுக்குப் பின்னால் செய்வது எனக்குப் பிடிக்காது, அதனால் சொல்லிவிட்டேன். அவரிடம் படித்துக் காட்டு.

ஃபிர்தௌஸ்


786
ஓசூர்
1.12.2024

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சொல்லாவிட்டால் போ, நான் சொல்வேன். பதில் சொல்வது உன்மேல் கடமை. ஐந்து வேளை தொழுகிறவளுக்கு அது தெரிந்திருக்கும்.

மச்சானின் மையத்து கிடந்த வீட்டில் நான் ஆக்கிக் கொண்டுவந்த சோற்றுச் சட்டியை வாசலில் கவிழ்த்தாய். ஊரே பார்த்தது. "வெளியே போடி" என்றாய். அமான் மச்சான் எனக்கு யார்? அத்தா மவுத்தான பிறகு என் நிக்காஹை முன்னால் நின்று நடத்திவைத்தவர். அவர் முகத்தைக் கடைசியாகப் பார்த்து அழக்கூட நீ என்னை விடவில்லை. உனக்கு மட்டும்தான் மனக்குறை இருக்கிறது என்று நினைக்காதே.

என் வீட்டுக்காரர் கண்ணால் பார்த்ததைச் சொன்னார். போலீஸ் கேட்டால் சொல்லத்தானே வேண்டும்? அதை வைத்து ஊர் உன்னை ஏசினால் அதற்கு அவர் என்ன செய்வார்? இங்கே அவர் வேலைக்குப் போவதும் வருவதுமாக, வாய் திறந்து இரண்டு வார்த்தை பேசாமல் இருக்கிறார். உன் ஆசைப்படி குறட்டையும் விடுவதில்லை.

தொழுகையைக் கத்தி தீட்டுகிற கல்லாக ஆக்கிவிட்டாயே அக்கா. நானும் பாவாடை கட்டின காலத்திலிருந்து தொழுகிறவள்தான். இனி ஒவ்வொரு வேளையும் உன் பதுவாவைத் தடுக்கச் சொல்லிக் கேட்பேன். நீ அங்கிருந்து, நான் இங்கிருந்து, இரண்டு பேரும் ஒரே வாசலில் முட்டிக்கொள்வோம். அம்மா மட்டும் உயிரோடு இருந்திருந்தால் இருவர் முதுகிலும் ஒன்று வைத்திருப்பாள்.

உன் கடிதத்தை நான் படித்துக் காட்டவில்லை. மேசைமேல் கிடந்ததை அவரே படித்துவிட்டார். பாதிச் சோற்றில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோனார். பலித்துவிட்டது என்று குதிக்காதே. அன்று குழம்பில் உப்பு கூடிவிட்டது.

எனக்கு உடம்பு சரியில்லை. நீ கேட்கமாட்டாய் என்பதால் நானும் விவரம் எழுதவில்லை.

ஹஃப்சா


786
காலடிப்பேட்டை
29.12.2024

ஹஃப்சாவுக்கு,

பதில் ஸலாமை மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கடமை முடிந்தது. கடிதத்தில் வராது.

மணலி ரோட்டில் ஒரு கண்டெய்னர் யார்டு கேன்டீனில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். லுஹர், அஸர் என்று பகல் தொழுகை இரண்டும் அங்கேதான். அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் முஸல்லா விரிக்கும் அளவுக்கு இடம் கிடைத்தது. என்னோடு வேலை செய்கிற ஷிஜி மலையாளத்துக்காரி. ராயபுரத்தில் வளர்ந்ததால் பேச்செல்லாம் நம் பேச்சுதான். "நீ போய் உன் ஆளாண்ட பேசிட்டு வா சேச்சி, வடைய நான் பாத்துக்கறேன்" என்று அனுப்பிவைப்பாள். திரும்பி வந்ததும் "இன்னா, கம்ப்ளெயிண்ட் குட்த்தியா?" என்பாள். அவளுக்கு எல்லாம் தெரியும்.

ஒரு கொடுமையைக் கேள். பொய் பேசுகிற வாயால் கேட்டால் துஆ ஏறாதாம். அதனால் பொய்யை விட்டேன். நேற்றைய சட்னியை இன்று அரைத்தது என்று லாரிக்காரர்களிடம் சொல்வதில்லை. கேன்டீன்காரர் என்னை முறைக்கிறார். ஹராம் வயிற்றில் இருந்தாலும் துஆ ஏறாதாம். அதனால் மற்றவர்கள் மாதிரி ஒரு பொட்டலம் டீத்தூளைக்கூட நான் முந்தானையில் முடிந்துகொண்டு போவதில்லை. உன் புருசனைப் பழிவாங்குவதற்காக நான் நல்லவளாக வேண்டியிருக்கிறது.

இன்னொன்றும் நடக்கிறது. அது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. நெற்றி தரையில் பட்டதும் உடம்பெல்லாம் லேசாகிறது. எழுந்திருக்கத் தோன்றுவதில்லை. நான் கேட்டு வந்தது இதை இல்லை. அல்லாஹ்விடமே சொல்லிவிட்டேன், எனக்கு அமைதியைக் கொடுத்து என் வாயை அடைக்கப் பார்க்காதே என்று. என் கோபமும் போய்விட்டால் அமானுக்காகப் பேச இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

லேசாகிறது என்று தெரிந்ததும் பதுவாவில் ஒரு வரி கூட்டினேன். அந்த வீட்டில் தொட்டில் ஆடக் கூடாது. எட்டு வருடமாக நீங்கள் எதற்கு ஏங்குகிறீர்கள் என்று தெரிந்துதான் கேட்கிறேன். எனக்கும் பிள்ளை இல்லை, இனிமேல் புருசனும் இல்லை. அவருக்கு மட்டும் எதற்கு?

ஃபிர்தௌஸ்


ஓசூர்
12.1.2025

அக்கா,

இந்த முறை நானும் ஸலாம் சொல்லவில்லை.

அந்த வரியை எடு. எனக்கு ஐந்து மாதம்.

மச்சான் மவுத்தான அடுத்த மாதம்தான் உண்டானது. எட்டு வருடம் எந்தெந்த ஆஸ்பத்திரியெல்லாம் ஏறி இறங்கினேன் என்று உனக்குத் தெரியும். பாதி தடவை என்னோடு வந்தது நீதானே. ஆனால் நீ வெள்ளைத் துணியில் உட்கார்ந்திருக்கும்போது எனக்குப் பிள்ளை வந்திருக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வேன்? மறைத்தேன். உன் மனசு நோகக்கூடாது என்று மறைத்தேன். நீ அதன்மேலேயே கையை வைத்துவிட்டாய்.

டிசம்பர் கடைசியில் ரத்தம் பட்டது. டாக்டர் எழுந்திருக்காமல் படுக்கச் சொல்லியிருக்கிறார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து உன் கடிதத்தைப் பிரித்தேன். தேதியைப் பார்த்தேன். அதே வாரம்.

இதுவரை உன்மேல் கோபம் மட்டும்தான் இருந்தது. இப்போது உன்னை நினைத்தால் பயமாக இருக்கிறது. விடியலில் சுபுஹுக்குப் பாங்கு சொல்லும் சத்தம் கேட்டால் போதும், அங்கே நீ எழுந்து தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டிருப்பாய் என்று வயிற்றைப் பிடித்துக்கொள்கிறேன். பாங்கு கேட்டுப் பயப்படுகிற முஸ்லிமை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?

ஏழாம் மாதம் தாய்வீட்டுக்குப் போவார்கள். எனக்கு அம்மா இல்லை. தாய்வீடு என்றால் அது காலடிப்பேட்டையில் உன் ஒற்றை அறைதான். அந்த அறையில்தான் என் பிள்ளைக்கு எதிராக ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது. இதற்கு ஒன்று ஆகிவிட்டால், மறுமையில் எழுந்ததும் நான் முதலில் தேடிப் பிடிப்பது உன்னைத்தான். உன் துஆவுக்குத் திரை இல்லை என்றால் என்னுடையதற்கும் இருக்காது.

ஹஃப்சா


786
காலடிப்பேட்டை
20.1.2025

ஹஃப்சா,

ஸலாம் இன்னும் இல்லை. அது அவர் இருக்கிற வீடு. ஆனால் இந்தக் கடிதத்தைப் பயப்படாமல் படி.

உன் கடிதத்தை அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து படித்தேன். ஷிஜி தண்ணீர் கொடுத்து ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். நேராகத் தண்டையார்பேட்டைக்குப் போனேன். அங்கே பெண்கள் மதரசாவில் ஓதிக்கொடுக்கிற ரசூல் பீவி என்னைவிடச் சின்னவள், நாக்கு மட்டும் ரொம்பப் பெரிசு. கேட்ட பதுவாவைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டேன்.

"இன்னாக்கா, அது இன்னா ஆட்டோவா, கையக் காட்டி நிறுத்த? கெட்டது கேட்டியே, அதே பேருக்கு இப்ப நல்லது கேளு. மனசாரக் கேளு."

"பிள்ளைக்குக் கேட்கிறேன்" என்றேன்.

"புள்ளைக்குக் கேளு, வோணான்னு சொல்லல. ஆனா பதுவா வுட்டது யார் பேர்ல?"

வீட்டுக்கு வந்து முஸல்லாவில் உட்கார்ந்தேன். உனக்குக் கேட்டேன், வயிற்றில் இருக்கிறதுக்குக் கேட்டேன், அழுதுகொண்டே கேட்டேன். அவர் பெயர் மட்டும் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அவருக்கு நல்லது கேட்டால் அமான் கபுருக்குள்ளிருந்து என்னைப் பார்ப்பார் என்று தோன்றியது.

நேற்று கேன்டீனில் இட்லித் தட்டு தேய்த்துக்கொண்டிருந்தேன். சட்டென்று ஒன்று தோன்றியது. நல்லது என்றால் எது? இவ்வளவு பெரிய பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு சாவது அவருக்கு நல்லதா? சாவதற்கு முன்னால் அதைக் கக்கிவிட்டுப் போவது நல்லதா? கை கழுவாமலே ரசூல் பீவியிடம் ஓடினேன். "ஒரு மன்சனுக்கு அதவிடப் பெரிய நல்லது இன்னாக்கா கீது?" என்றாள்.

இன்று சுபுஹிலிருந்து கேட்கிறேன். இதுதான் துஆ. அப்படியே எழுதுகிறேன்.

யா அல்லாஹ், முதஸ்ஸிருக்கு நல்லதைக் கொடு. பொய் சொன்ன அதே இடத்தில், அதைக் கேட்ட அதே ஆட்களுக்கு முன்னால், நடந்ததைச் சொல்கிற தைரியத்தைக் கொடு. அதைச் சொல்லும்வரை அவரைச் சாகவிடாதே. நீண்ட ஆயுளைக் கொடு. நல்ல ஞாபகசக்தியைக் கொடு. பிள்ளையைப் பத்திரமாகக் கொடு. அது அவரை அத்தா என்று கூப்பிடும்போதெல்லாம் அமான் அவர் கண்முன் வந்து நிற்கட்டும்.

மனசாரக் கேட்கிறேன், ஹஃப்சா. என் வாழ்நாளில் இவ்வளவு மனசாக எதையும் கேட்டதில்லை. பதுவாவில் இல்லாத ருசி இதில் இருக்கிறது. அவருக்குப் படித்துக் காட்டு. முடிந்தால் ஆமீன் சொல். உன் வீட்டுக்காரருக்கு அக்கா நல்லது கேட்கிறாள், ஆமீன் சொல்வதில் உனக்கு என்ன கஷ்டம்?

ஃபிர்தௌஸ்


786
ஓசூர்
16.2.2025

அக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ரத்தம் நின்றுவிட்டது. பிள்ளை உதைக்கிறது. முதலில் அதைத்தான் தேடுவாய் என்று முதலில் எழுதினேன்.

உன் துஆவைச் சத்தமாகப் படித்தேன். "உங்கொக்காக்கு பைத்தியம் புட்ச்சிகிச்சு" என்று கடிதத்தைப் பிடுங்கிக் கிழித்தார். எனக்குச் சுருக்கென்றது. நல்லது கேட்ட துஆவை ஏன் கிழிக்கவேண்டும்? பொய் சொல்லாதவர் சிரித்துவிட்டுப் போயிருப்பார். அன்றுதான் அக்கா எனக்கு முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. வெட்கமாக இருக்கிறது இதை எழுத.

கிழித்தால் என்ன, எனக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. ஒவ்வொரு வேளையும் தொழுது முடித்து, அவர் காதில் விழும்படி அதையே கேட்டேன். கத்தினார். பிறகு நான் கையேந்தினாலே எழுந்து வெளியே போனார். போகட்டும் என்று குரலைக் கூட்டினேன்.

போன வியாழக்கிழமை பட்டப்பகலில் வீட்டுக்கு வந்துவிட்டார். குடோனில் ஒரு ஆள் "சார், கட்டைய எடுக்கட்டுமா?" என்று கேட்டானாம். இவர் வேலையை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டாராம். செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். அவரே சொன்னார்.

"ரெண்டாவது டிரெய்லர் வந்து நின்னுகினு கீது. மொதலாளி போன்ல கத்திகினு கீறாரு. கிரேன் கொக்கி இன்னும் காயில்ல மாட்டல. கட்டைய எடு பாய்ன்னு நான்தான் சொன்னேன். கொக்கி மாட்டிக்கட்டும் தம்பின்னாரு. எடுன்னா எடு பாய்ன்னு கத்தினேன். எடுத்தாரு."

"போன்?" என்றேன்.

"சோத்துப் பைல இருந்துச்சு. பைய செவுத்து ஆணில மாட்டி வெச்சிருந்தாரு. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் அடிச்சுது. நாங்க அவரத் தூக்கிகினு இருக்கோம், அது பாட்டுக்கு அடிச்சிகினே கீது. அந்தச் சத்தத்தக் கேட்டுதான் எனக்கு அந்தப் பொய்யே தோணுச்சு."

அக்கா, நீ போன் போட்டபோது மச்சான் ஏற்கெனவே போய்விட்டார். உன் போன் யாரையும் கொல்லவில்லை.

நான் அழவில்லை. எங்கே சொன்னாயோ அங்கே போய்த் திருப்பிச் சொல்லு என்றேன். "வேல பூடும், கேஸ் வரும்" என்றார். எனக்கு வந்த கோபத்தை நீ பார்த்திருக்கவேண்டும். பிள்ளை பிறந்ததும் அதன் காதில் பாங்கு சொல்லவேண்டியது அத்தாவின் வாய். இந்த உலகத்தில் என் பிள்ளை கேட்கிற முதல் சத்தம் அது. அந்தப் பொய்யைச் சொன்ன வாயால் சொல்ல விடமாட்டேன், வழியில் போகிற யாரையாவது கூப்பிட்டுச் சொல்ல வைப்பேன் என்றேன். இரண்டு நாள் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தார். நானும் சோறு வைத்தேன், முகம் கொடுக்கவில்லை.

நேற்று டிக்கெட் எடுத்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் சாத்தாங்காட்டு யார்டு கேட்டில் நிற்பார். நீயும் போய் நில்.

ஆமீன்.

ஹஃப்சா


786
காலடிப்பேட்டை
23.2.2025

ஹஃப்சா,

போன் பையில் இருந்தது, எல்லாம் முடிந்த பிறகுதான் அடித்தது என்ற வரியை நானே படித்தேன். நம்பவில்லை. ஷிஜியிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவள் படித்துவிட்டு அடுப்பை அணைத்தாள். இருவரும் அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டோம். வெளியே லாரிக்காரர்கள் டீ கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். கத்தட்டும் என்று விட்டுவிட்டோம்.

வெள்ளிக்கிழமை போய் நின்றேன். லோடு ஏற்றுகிறவர்கள் எல்லாம் கேட்டுக்கு வந்துவிட்டார்கள். கிரேன் ஓட்டுகிற ஜெயவேல் அதை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். உன் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு ஆரம்பித்தார். கட்டை, கொக்கி, டிரெய்லர் என்று ஏதோ முணுமுணுத்தார். எனக்கு இரக்கம் வரும் என்று நினைத்தாயா? வரவில்லை. "இன்னா முணுமுணுக்கிற? பின்னாடி கீறவங்களுக்குக் கேக்கல. மொதல்லேர்ந்து சொல்லு" என்றேன். முதலிலிருந்து சொன்னார். குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். அவ்வளவு நிறைவாக எனக்கு ஏழு மாதமாக எதுவும் இருந்ததில்லை. அதை மறைத்து உனக்கு எழுதப்போவதில்லை.

அதே சட்டையோடு ஸ்டேஷனுக்கும் போய் எழுதிக்கொடுத்தார். சாயங்காலத்துக்குள் வேலை போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். போகும்போது என்னிடம் வந்து மாப்பு கேட்டார். கொடுக்கவில்லை. நான் கொடுக்காதவரை மேலேயும் அந்தக் கணக்கு தீராது, அது என் கையில் இருக்கிறது. கொஞ்ச காலம் இருக்கட்டும். கொடுக்கிற நாள் வந்தால் நானே சொல்வேன்.

பதுவாவையும் நிறுத்திவிட்டேன், அந்த துஆவையும் நிறுத்திவிட்டேன். தொழுகையைத்தான் நிறுத்த முடியவில்லை. லுஹர் நேரம் வந்தால் கால் தானாக அரிசி மூட்டைப் பக்கம் போகிறது. "அதான் கேட்டது கெட்ச்சிடுச்சே, இன்னும் இன்னா பேசிகினு கீற?" என்று ஷிஜி கேட்கிறாள். பேசுவதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மா நெற்றியை வைத்துக்கொண்டு கிடக்கிறேன். லேசாகிறது. இப்போது அதோடு சண்டை போடுவதில்லை.

ஏழாம் மாதம் பிறந்ததும் கிளம்பி வா. அறையைக் கழுவிவிட்டேன், ஜன்னலுக்குச் சாம்பல் வராமல் வலை அடித்திருக்கிறேன். அவர் உன்னை வாசல்வரை கொண்டுவந்து விடட்டும். உள்ளே வரக்கூடாது. தாகம் என்றால் ஷிஜி தண்ணீர் கொடுப்பாள். பிள்ளை பிறந்த அன்று மட்டும் உள்ளே வரலாம். பாங்கு அவரே சொல்லட்டும். அந்த வாய் இப்போது அதற்கு ஆகும். சொல்லி முடித்ததும் போய்விடவேண்டும்.

ஸலாமை இந்தக் கடிதத்திலும் எழுதவில்லை. வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அவர் பள்ளிக்குப் போனதும் நான் உனக்குப் போன் போடப்போகிறேன். அந்த நாளுக்குப் பிறகு நான் போடுகிற முதல் போன். மணி அடிக்கும்போது எனக்கு உயிர் போகும். ஸலாமை வாயால் சொல்ல வைத்திருக்கிறேன். அடிக்க விடாதே. முதல் மணியிலேயே எடு.

உன் அக்கா
ஃபிர்தௌஸ்